படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்

நீங்கள் கேட்டது இது: "லண்டனில் ஓர் ஏல நிறுவனம் தென்னாப்பிரிக்க ஓவியங்களை ஏலத்துக்கு முன்பு நான்கு நாள் பார்வைக்கு வைக்கிறது. வாங்கும் வசதி எனக்கு இல்லை. சும்மா பார்க்கப் போனால் உள்ளே விடுவார்களா? எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?"

கட்டாயம் போங்கள். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, வாங்குவீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பான்ஹாம்ஸ், சோத்பீஸ் என்ற இரண்டு பெரிய ஏல நிறுவனங்களுமே நியூ பாண்ட் தெருவில்தான் இருக்கின்றன. சுற்றிலும் வைரக்கடைகள், வாசலில் கோட்டு போட்ட காவலர். அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் பலர் திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் எதிர்ப் பக்க நடைபாதையில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போனால் பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு தருவார்கள், அவ்வளவுதான். கேட்லாக் அச்சில் வாங்கினால் விலை. அதே கேட்லாக் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கும். முந்தைய நாள் இரவே ஒரு முறை பார்த்துவிட்டு, பிடித்த ஐந்தாறு லாட் எண்களை, அதாவது ஏலத்தில் அந்தப் படங்களின் வரிசை எண்களை, குறித்துக்கொண்டு போங்கள்.

நான் தாளில் வரைந்த படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலை செய்கிறவள். வேலைக்காகப் போகத் தொடங்கி, இப்போது வேலை இல்லாவிட்டாலும் போகிறேன். அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தை அடுத்த வருடமும் பார்க்கலாம். இங்கே தொங்குவது ஏதோ ஒரு வீட்டின் சாப்பாட்டு அறையில் நாற்பது வருடம் இருந்துவிட்டு, நான்கு நாள் வெளியே வந்து, இன்னொரு வீட்டுக்குள் போகப்போகிற படம். அடுத்து எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆயுளில் அதைப் பார்க்க இந்த நான்கு நாள்தான் இருக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அருங்காட்சியகத்தில் படத்தின் முகத்தை மட்டும்தான் காட்டுவார்கள். இங்கே முதுகையும் பார்க்கலாம். "இதைக் கழற்றிப் பின்பக்கம் காட்ட முடியுமா?" என்று அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் கையுறை மாட்டிக்கொண்டு இறக்கிக் காட்டுவார்கள். முன்காட்சி வைப்பதே அதற்காகத்தான், வாங்குகிறவன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வாங்கட்டும் என்று. அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. தென்னாப்பிரிக்கப் படங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அந்த நாட்டின் கதையில் பாதி படங்களின் முதுகில்தான் ஒட்டியிருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்ன் 1939-ல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாருக்குப் போனபோது கறுப்பு உடையில் ஓர் அரபு மனிதரை வரைந்தார். 1956 டிசம்பரில் நெல்சன் மண்டேலா உட்பட 156 பேர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தபோது, வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட இந்த ஓவியம் ஏலத்துக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்களின் குடும்பம் பிறகு பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தது, படமும் கூடவே வந்தது. பல வருடம் கழித்து பான்ஹாம்ஸ் நிபுணர் ஒருவர் வேறு மதிப்பீட்டுக்காக லண்டனில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனபோது, அது சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் பில்லும் தபாலட்டையும் செருகி வைத்திருந்தார்கள். 2015-ல் 8 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுண்டுக்கு விற்றது. இனி நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு பயணம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கப் படங்கள் ஏன் லண்டனில் ஏலம் போகின்றன என்பதற்கும் அதுதான் பதில். நிறவெறி ஆட்சியைப் பொறுக்காமல் வெளியேறியவர்கள், துரத்தப்பட்டவர்கள், அந்த ஆட்சி போன பிறகு கிளம்பியவர்கள் என்று எல்லோரும் சுவரில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் விற்கிறார்கள்.

பின்பக்கத்தில் என்ன பார்ப்பது? காட்சிக்கூடத்தின் லேபிள், கையால் எழுதிய தலைப்பு, விலை, பழைய ஏலங்களின் சுண்ணக்கட்டி எண்கள், சட்டம் போட்ட கடையின் சீட்டு. விலை பவுண்டிலோ, கினி என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கிலோ எழுதியிருந்தால், அது தென்னாப்பிரிக்காவில் ஒட்டிய லேபிளானால், 1961-க்கு முந்தையது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் அவர்கள் ராண்ட் நாணயத்துக்கு மாறினார்கள். ஜோகன்னஸ்பர்க் குட்மன் கேலரி லேபிள் இருந்தால் 1966-க்குப் பிந்தையது, அந்தக் கேலரி தொடங்கியதே அப்போதுதான். கேன்வாஸை மரச்சட்டத்தில் எதை வைத்து அடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1930-களின் படம் என்று சொல்லி, ஓரத்தில் பளபளவென்று ஸ்டேபிள் பின் இருந்தால் பிற்காலத்தில் யாரோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம். பின்னால் இன்னொரு துணி ஒட்டியிருந்தால், முன்னால் எங்கோ கிழிசலோ வெடிப்போ இருந்திருக்கலாம்.

ஒருமுறை ஒரு சிறு கௌவாஷ் (அடர்த்தியான நீர்வண்ணம்) படத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பழுப்புத் தாள் ஒட்டிய முதுகு, ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் பென்சிலில் "12 கினி" என்று எழுதி, கோடிட்டு அடித்து, கீழே "8" என்று இருந்தது. யாரோ பேரம் பேசியிருக்கிறார்கள், இல்லை விற்காமல் விலையைக் குறைத்திருக்கிறார்கள். கேட்லாக்கில் அந்தப் படத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு மதிப்பீடு. நான் அந்த எட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். வரைந்தவரின் கைக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

சரி, முகத்துக்கு வருவோம்.

இர்மா ஸ்டெர்ன் எப்படியும் இருப்பார், தென்னாப்பிரிக்க ஏலங்களுக்கு அவர்தான் அச்சாணி. 1894-ல் ட்ரான்ஸ்வால் பகுதியில் ஜெர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, அங்கே ஓவியர் மாக்ஸ் பெக்‌ஸ்டைனிடம் ஊக்கம் பெற்றுத் திரும்பியவர். 1922-ல் கேப் டவுனில் அவர் காட்சி வைத்தபோது செய்தித்தாள்கள் அருவருப்பு என்று எழுதின. அவருடைய சான்சிபார் அரபு மதகுரு ஓவியம் 2011-ல் பான்ஹாம்ஸில் 30 லட்சத்து 44 ஆயிரம் பவுண்டுக்குப் போய், அவர் படங்களிலேயே அன்றைய விலைச் சாதனையாக ஆனது. அவர் படத்தை முதலில் ஆறடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் ஒரு சாண் தூரத்துக்குப் போங்கள். வண்ணம் தோசைமாவு போல் தடித்து நிற்கும். தூரிகையின் மயிர் உழுத வரிகள் அப்படியே தெரியும். சில இடங்களில் அவசரத்தில் பூசாமல் விட்டு வெறும் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். இந்தத் தடிப்பை எந்த அச்சுப் பிரதியும், எந்தக் கைப்பேசித் திரையும் காட்டாது. சான்சிபார் காலத்துப் படமாக இருந்தால் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே பழைய கதவு நிலைகளில் இருந்த செதுக்கு மரத்தை வெட்டிச் சட்டமாக்கினார் ஸ்டெர்ன். பூவும் கொடியும் ஓடும் அந்த வேலைப்பாட்டில் இந்தியத் தச்சர்களின் மரபும் கலந்திருக்கிறது, சான்சிபார் கதவுகளில் குஜராத்திப் பாணி என்று ஒரு வகையே உண்டு. அந்தச் சட்டம் உடன் இருந்தால் விலையும் கூடும்.

அவர் படங்களின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தலும் வரும். அரபு மனிதர், ஸ்வாஹிலிப் பெண், இந்தியப் பெண் என்றுதான் தலைப்பு. உட்கார்ந்து முகம் கொடுத்தவருக்குப் பெயரில்லை. வண்ணத்தின் வேகத்தை நான் மனதார வியக்கிறேன், பெயரில்லாமையையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்து, கேட்லாக்கில் ஜெரார்ட் செகோட்டோ இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் நேரத்தில் பாதியை அவருக்கே கொடுங்கள். 1913-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு ஓவியராக வாழ்வதென்று ஜோகன்னஸ்பர்கின் சோஃபியாடவுனுக்குப் போனார். அங்கே அவர் வரைந்த மஞ்சள் வீடுகளின் தெரு ஒன்றை ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் 1940-ல் வாங்கியது. ஒரு கறுப்பினக் கலைஞரின் ஓவியத்தை அந்த நாட்டின் அருங்காட்சியகம் வாங்கியது அதுவே முதல் முறை. பிறகு கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட். 1947-ல் பாரிஸுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை, 1993-ல் பிரான்சிலேயே இறந்தார். முதல் நாள்களில் மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பிழைத்தார்.

அவருடைய 1947-க்கு முந்தைய படங்களுக்கும் பாரிஸ் படங்களுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். முன்காட்சியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் காரணம் உங்களுக்கே விளங்கும். பழைய படங்களில் மஞ்சளும் நீலமும் வெயிலில் சுடும். தெருவில் தண்ணீர் சுமக்கிறவள், சைக்கிள்காரன், மடியில் பிள்ளையோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பவள், எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவன் வரைந்தது. பாரிஸ் படங்கள் நினைவிலிருந்து வரைந்தவை. நினைவில் முகங்கள் மெல்ல மெல்ல ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. அதைத் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள், நாற்பத்தாறு வருடம் ஊர் பார்க்காமல் இருந்தவரின் கை அது. அவர் வரைந்த தெருக்களும் இல்லை. சோஃபியாடவுனை 1955 முதல் இடித்துத் தள்ளி, வெற்றி என்று பொருள்படும் ட்ரியோம்ஃப் என்ற பெயரை வைத்தார்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து அறுபதாயிரம் பேரை வெளியேற்றினார்கள். அந்தத் தெருவின் வெயில் எந்தச் சுவரில் விழுந்தது என்பதற்கு இன்று இந்தப் படங்கள்தான் சாட்சி.

2011-ல், ஸ்டெர்னின் மதகுரு 30 லட்சத்தைத் தாண்டிய அதே வருடத்தில், செகோட்டோவின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மஞ்சள் வீடுகள் 6 லட்சத்து 2 ஆயிரத்து 400 பவுண்டுக்குப் போனது. அன்று அதுவே அவருக்குப் பெரிய சாதனை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையர் அல்லாதவர்களை வெள்ளையர் வரைந்ததற்கு ஒரு விலை, அவர்களே தங்களை வரைந்துகொண்டதற்கு வேறு விலை. சந்தை மாறி வருகிறது என்கிறார்கள். மாறட்டும். எனக்குச் செகோட்டோவின் ஒரு வாசற்படி போதும்.

பீர்னேஃப் என்ற ஓவியரின் நிலக்காட்சிகளும் நிச்சயம் இருக்கும். குடை விரித்த முள்மரங்கள், அடுக்கடுக்காகக் கட்டிய கோயில் கோபுரம் போன்ற மேகங்கள், ஊதாவும் சாம்பலுமான மலைகள். 1929-ல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்காக 32 பெரிய ஓவியங்கள் வரையும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. அழகானவை, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பீர்னேஃபின் முன்னால் நின்று, இதில் மனிதர்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். 1913-ன் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது. ஆளற்ற நிலம் என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு அந்தக் கணக்கு உறுத்தாது. மகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வெண்கலச் சிலைகளில் ஆன்டன் வான் வவ் செய்த சிறு உருவங்கள் அடிக்கடி வரும். அவற்றில் சிலையைவிட அடிப்பகுதியைப் பாருங்கள். ரோமில் நிசினி, மாஸா போன்ற வார்ப்பகங்களில் வார்த்ததா, பிரிட்டோரியாவில் வார்த்ததா என்பதற்கு முத்திரை இருக்கும். ஒரே சிலைதான், ஆனால் ரோம் வார்ப்பில் நகக்கண்ணும் தோல் சுருக்கமும் தெளிவாக விழுந்திருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

ட்ரெட்சிகாஃப் என்ற ஓவியர் வரைந்த பச்சை முகச் சீனப் பெண்ணை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், அச்சுப் பிரதியாக உலகம் முழுக்கத் தொங்கியது அது. மூலப்படம் 2013-ல் லண்டனில் 9 லட்சத்து 82 ஆயிரத்து 50 பவுண்டுக்கு விற்று, தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த முகத்துக்குரியவர் கேப் டவுனில் உறவினரின் சலவைக்கடையில் வேலை பார்த்த இளம்பெண்.

இப்போது என் சொந்தப் பிரதேசம், தாள். பெரும்பாலோர் எண்ணெய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு இந்த அறையை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். டுமிலே ஃபெனியின் கரிக்கோல் படம் இருந்தால் தாளைக் கவனியுங்கள். அவர் செய்தித்தாள் அச்சிடும் மலிவுத் தாளில் பெரிது பெரிதாக வரைந்தவர். மரக்கூழில் செய்த தாளில் அமிலம் இருக்கும். அது வருடத்துக்கு வருடம் பழுப்பேறி, அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வரும். அந்தத் தாளின் மேல் முறுக்கிய கை கால்கள், திறந்த வாய்கள். 1968-ல் நாட்டை விட்டு வந்து முதலில் தங்கியது இதே லண்டனில். பிறகு நியூயார்க், 1991-ல் ஊர் திரும்பாமலே இறந்தார். இப்படி ஒரு தாளைப் பாதுகாப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு முறையும் கை நடுங்கத்தான் செய்கிறது.

வில்லியம் கென்ட்ரிட்ஜின் கரிப் படங்களில், மூலைகளில் குண்டூசித் துளை தேடுங்கள். அவர் ஒரே தாளில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்து அசைபடமாக்குகிறவர். அழித்த கோடு முழுதாகப் போகாது, புகைபோல் நிற்கும். அந்தப் புகையை நேரில்தான் பார்க்க முடியும். அவருடைய தந்தை சிட்னி கென்ட்ரிட்ஜ், முன்னே சொன்ன தேசத்துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர்.

கையில் காசு கொஞ்சம் இருக்கிறவர்களுக்கும் எட்டக்கூடியது லினோகட், அதாவது லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவி எடுத்த அச்சுப் படங்கள். குவாசுலு-நேட்டாலில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் 1960-களில் சுவீடன் நாட்டுத் தம்பதி தொடங்கிய கலைப்பள்ளி, கறுப்பின மாணவர்களுக்கு வேறு கதவுகள் மூடியிருந்த காலத்தில் திறந்திருந்த ஒன்று. அசரையா ம்பாத்தா, ஜான் முவஃபங்கேயோ எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும். விவிலியக் கதையும் ஊர்க்கதையும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், முவஃபங்கேயோ படத்துக்குள்ளேயே வரிகளையும் செதுக்கிவிடுவார். கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்தும் பிரதி எண்ணும் இருக்க வேண்டும். வெள்ளை ஓரம் நான்கு பக்கமும் முழுதாக இருக்கிறதா, தேமல்போல் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. பல வருடம் முன்பு ஒரு சிறிய ஏலக்கூடத்தில் இப்படி ஒரு லினோகட் வாங்கினேன். கூட்டம் அதிகம், திருப்பிக் காட்டச் சொல்லக் கூச்சப்பட்டேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் பிரித்தால், ஓரங்களை வெட்டிவிட்டு ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். படத்தின் நிலை பற்றி ஏலக்கூடம் தந்திருந்த அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைப் பிரித்தெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அன்றிலிருந்து யார் எவ்வளவு கூட்டமாக நின்றாலும் கேட்காமல் நகர்வதில்லை. படத்தின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்டால் எல்லா ஏல நிறுவனமும் தரும். வாங்காதவரும் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு படிப்பு.

விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. படத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் இரண்டு எண் மதிப்பீடு மட்டுமே. அதில் சிறிய எண்ணைத் தாண்டாமல், வெளியே சொல்லாத ஒரு குறைந்தபட்ச விலை பெரும்பாலும் இருக்கும், அதைத் தொடாவிட்டால் படம் விற்காது. சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காட்டுக்கும் அதிகமாக வரும், அதற்கு வரி வேறு. செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் கட்டணம் சேர்த்தது, மதிப்பீடு சேர்க்காதது. ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டுப் பலர் வியந்துபோகிறார்கள்.

மகளைக் கூட்டிப் போவது பற்றி. தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் காலை முதல் மணி நேரம் போங்கள், ஊழியர்களுக்கு ஓய்வாக இருக்கும், பொறுமையாகப் பேசுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், சிலைகள் பலவும் தடுப்பு இல்லாமல் மேசைமேல் நிற்கும். அவளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். அது எந்தப் படமானாலும் சரி, அதைத்தான் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், அவளே கேட்க வேண்டும். ஏலம் நடக்கும் நாளில் லாட் எண்ணைப் போட்டு இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். ஒரு லாட்டுக்கு ஒரு நிமிடம் போல்தான் ஆகும், எனவே முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.